ஆறு வயசுப் பல்

ஜூலை 3, வியாழன்

வனிதா, நீ சொன்ன மாதிரியே ஆரம்பிச்சுட்டேன். உன்னைக் கோவில்பட்டியில உங்க அம்மா வீட்ல விட்டுட்டு நானும் சஷ்டியும் சின்னமனூர் வந்து சேர சாயங்காலம் ஆறு மணி. "புள்ள தினமும் என்ன சாப்பிட்டா, பல் வெளக்குனாளா, எல்லாத்தையும் எழுதி வைங்க. பிரசவம் முடிஞ்சு வந்து ஒவ்வொரு பக்கமாப் பாப்பேன்"னு நீ டைரியைக் கையில திணிச்சப்ப எனக்குச் சிரிப்புதேன் வந்துச்சு. மோட்டாருக்குக் காயில் கட்டுறவனுக்கு எதுக்கு டைரி? ஆனா உனக்கு பிரஷர் இருக்கு, டென்ஷன் ஆகவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதனால எழுதறேன்.

இட்லி மூணு. பால் ஒரு டம்ளர். பல் வெளக்கியாச்சு.

ஜூலை 4

காலைல தோசை ரெண்டு. மதியம் தக்காளி சாதம், டப்பா காலி. ராத்திரி சப்பாத்தி ஒண்ணு, பால். பல் வெளக்கியாச்சு.

ஜூலை 8

இன்னைக்கும் டப்பா காலி. நல்லாப் பாத்துக்க வனிதா. நீ கட்டிக் குடுக்கும்போது பாதி டப்பா திரும்பி வரும்ல? நான் கட்டிக் குடுத்தா ஒரு பருக்கை கூட மிஞ்சறதில்ல. கழுவி வச்ச மாதிரி வருது. என் கைப்பக்குவத்தை இனிமே நீ கேலி பண்ணக் கூடாது.

வீட்லதேன் கொஞ்சம் அடம். அதுக்கும் என்கிட்ட ஒரு வழி இருக்கு. "சாப்பிடலைன்னா பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி எல்லாப் பல்லையும் புடுங்கச் சொல்லிருவேன்"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தட்டைக் கையில எடுத்துருவா. ஊசின்னா இன்னும் வேகம். நீ கெஞ்சிக்கிட்டே ஒரு மணி நேரம் ஊட்டுவ. எனக்குப் பத்து நிமிஷம்.

பல் வெளக்கியாச்சு.

ஜூலை 12, சனி

முறுக்கு வாங்கிட்டு வந்தேன், வேணாம்னுட்டா. ரசம் சாதத்தைக் கரைச்சுக் குடுன்னு கேக்குறா. மெல்லுறதும் ஒரு பக்கமாவே மெல்லுறா, தலையச் சாச்சுக்கிட்டு. உங்க அப்பா வெத்தலை போடுற மாதிரியே இருக்கு. சொன்னேன், சிரிக்கல.

பால் மட்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிறா. சீனி மூணு ஸ்பூன் போட்டாத்தேன் இறங்குது.

ஜூலை 15

கொட்டாவி விடும்போது பாத்தேன். இடது பக்கம், கீழ, கடைசியில ஒரு பல் கறுத்துக் கெடக்கு. பூச்சிப் பல்லு. பயந்துறாத வனிதா. இவளுக்கு இதுவரைக்கும் முன்பல் ரெண்டுதேன் விழுந்திருக்கு. கடைவாய்ல ஒண்ணுகூட விழல. அப்ப அங்க இருக்கறதெல்லாம் பால் பல்லுதேன? அது தானா விழுந்து புதுசா முளைச்சுக்கும். இதுக்குப் போயி தேனிக்குப் பஸ் ஏறணுமா? நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்.

பல் வெளக்கியாச்சு.

ஜூலை 20, ஞாயிறு

நாலு நாளா எதைக் குடுத்தாலும் முழுங்க மாட்டேங்குறா. ஸ்கூல்ல டப்பாவைக் காலி பண்றவளுக்கு வீட்ல என்ன கேடு? கடைக்கு மோட்டார் கொண்டு வந்த ஒருத்தர் சொன்னாரு, "தொக்கம் விழுந்திருக்கும்பா, நெஞ்சுல எதாச்சும் சிக்கியிருக்கும், எடுத்துட்டா பசி எடுத்துரும்"னு. எனக்கும் சின்ன வயசுல எடுத்திருக்காக.

உத்தமபாளையம் பக்கத்துல ஒரு அம்மா எடுக்குதுன்னு கேட்டு வண்டியில கூட்டிட்டுப் போனேன். விஷயத்தைச் சொன்னா ஏற மாட்டா, அதனால பொம்மை வாங்கப் போறோம்னு சொன்னேன். அந்தம்மா நெஞ்சுல ஒரு பித்தளைக் குழாயை வச்சு உறிஞ்சுச்சு. அப்புறம் புள்ளையோட வாய்க்குள்ள ரெண்டு விரலை விட்டுத் துழாவுச்சு. சஷ்டி கத்துன கத்துல வெளிய படுத்திருந்த ஆடு எந்திரிச்சு ஓடிருச்சு. நான் கையக் காலைப் புடிச்சுக்கிட்டேன். கடைசில முழுசா ஒரு மொச்சைப் பயறு வந்து விழுந்துச்சு. நம்ம வீட்ல மொச்சை வாங்கியே மூணு மாசம் ஆச்சு. எங்க தின்னான்னு தெரியல.

வர்ற வழியில, "அப்பா, அந்தப் பயறு அந்தம்மா வாயிலதேன் இருந்துச்சு. நான் பாத்தேன்"னா.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது தாயி. உன் நெஞ்சுலதேன் இருந்துச்சு"ன்னேன்.

அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் என் சட்டையைப் புடிக்காம வண்டிக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வந்தா. பொம்மை வாங்கல, கடை சாத்தியிருந்துச்சு.

ஜூலை 22

கன்னம் லேசா உப்புன மாதிரி இருக்கு. கொசு கடிச்சிருக்கும். வாயத் திற பாப்போம்னா உதட்டை இறுக்கி மூடிக்கிறா. நீ வீடியோ கால்ல கூப்பிட்டப்ப சிக்னல் சரியா இல்ல.

டப்பா காலி.

ஜூலை 24, வியாழன்

எப்படி எழுதுறதுன்னு தெரியல.

பதினோரு மணிக்கு ஸ்கூல்ல இருந்து போன். அவ கிளாஸ் டீச்சர் ஜெனிபர் மிஸ். "கொஞ்சம் நேர்ல வாங்க சார்"னாங்க. போட்டது போட்டபடி கடையை விட்டுட்டு ஓடுனேன்.

"சஷ்டிகா மூணு வாரமா மதியம் சாப்பிடவே இல்ல சார். குழாய்க்குப் பின்னால போயி கொட்டிட்டு, டப்பாவைக் கழுவி எடுத்துட்டு வந்துர்றா. நான் நேத்துத்தான் கவனிச்சேன், கூடப் படிக்கிற புள்ளைங்களைக் கேட்டப்புறம்தான் மூணு வாரம்னு தெரிஞ்சது. தப்பு என்மேலயும் இருக்கு"ன்னாங்க.

மூணு வாரம் வனிதா. நீ போன நாள்ல இருந்து. நான் பெருமையா எழுதி வச்சேனே, கழுவி வச்ச மாதிரி வருதுன்னு. கழுவித்தேன் வந்திருக்கு.

"ஏம்மா, பல்லு வலிக்குதான்னு கேட்டேன். தலைய ஆட்டி இல்லன்னா. அப்புறம் தனியா வந்து, அப்பாகிட்டச் சொல்லிராதீங்க மிஸ், சொன்னா எல்லாப் பல்லையும் புடுங்கிருவாக. அம்மா வர்ற வரைக்கும் தாங்கிக்குவேன்னு சொல்லுச்சு சார்."

மிஸ் இதைச் சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்கல. ஜன்னலைப் பாத்துத்தேன் சொன்னாங்க. நான் கும்புட்டுட்டு வெளிய வந்து வண்டிச் சாவியை எங்க வச்சேன்னு தேடுனேன். கையிலதேன் இருந்துச்சு.

ஜூலை 25, வெள்ளி

காலைல எந்திரிச்சப்ப இடது தாடை எலுமிச்சம்பழம் கணக்கா வீங்கியிருந்துச்சு. காய்ச்சல்ல மேலு கொதிக்குது. அள்ளி வண்டியில வச்சுக்கிட்டு தேனிக்குப் போயிட்டேன்.

பல் டாக்டர் பேரு நிலோபர். சின்னப் பொண்ணுதேன், முப்பது இருக்கும். சஷ்டி நாற்காலியில ஏறவே மாட்டேன்னுட்டா. என் சட்டையைக் கிழிச்சுட்டா. நான் வழக்கம்போல, "ஒண்ணுமில்ல தாயி, சும்மா பாப்பாங்க, ஊசியெல்லாம் கிடையாது"ன்னேன். டாக்டர் சட்டுனு திரும்பி, "சார், ப்ளீஸ். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க"ன்னாங்க. வேற ஆளா இருந்தா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்திருக்கும். வாய மூடிக்கிட்டேன்.

அந்தம்மா தரையில உக்காந்துட்டாங்க. சின்னக் கண்ணாடியை இவ கையிலயே குடுத்து, "நீயே பாத்து எனக்குச் சொல்லு. நான் தொட மாட்டேன்"ன்னாங்க. எவ்வளவோ நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை வாயத் திறந்தா. டாக்டர் எட்ட இருந்தே டார்ச் அடிச்சுப் பாத்துட்டாங்க. சொன்ன மாதிரியே தொடல.

"எத்தனை நாளா வலி?"

"ரெண்டு மூணு நாளா மேடம்"னு சொல்லிட்டேன். சஷ்டி என்னையத் திரும்பிப் பாத்தா.

"மூணு நாள்ல இப்படி ஆகாது சார்."

அப்புறம் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. பால் பல்லுதேன மேடம், விழுந்து முளைச்சுரும்லன்னு நாந்தேன் முந்திக்கிட்டுக் கேட்டேன்.

"இது பால் பல் இல்ல சார். ஆறு வயசுல, பால் பல்லுக்கெல்லாம் பின்னாடி, எதுவும் விழாமலேயே புதுசா முளைக்கிற பல். ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. ஒண்ணுமே விழலியேன்னு நிறையப் பேர் இதையும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுர்றாங்க. உங்க பொண்ணுக்கு வேர் வரைக்கும் அரிச்சுப் போயிருச்சு. இனிமே அடைச்சுக் காப்பாத்த வழியில்ல. எடுத்தாகணும். திரும்ப முளைக்காது."

ஏழு வயசுப் புள்ளைக்கு எழுபது வயசு வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு. நான் பாத்தேன் வனிதா. பதினஞ்சாம் தேதியே பாத்தேன். எனக்குக் கணக்குத் தெரியும்னு நெனச்சு விட்டேன்.

வீக்கம் வடியறதுக்கு மருந்து எழுதிக் குடுத்தாங்க. வர்ற வியாழக்கிழமை எடுக்கணும். அன்னைக்கு வாயத் திறந்தா அங்கயே மரத்துப் போக ஊசி போட்டு எடுத்துருவாங்க. திறக்கலைன்னா மதுரைக்குப் போயி முழு மயக்கம் குடுத்துத்தேன் எடுக்கணும். அதுக்கு முன்னாடி வீக்கம் கழுத்துக்கு இறங்குனாலோ, முழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ ஒரு நிமிஷம்கூட நிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணுமாம்.

"இந்த ஆறு நாள்ல அவளைத் தயார் பண்ண வேண்டியது உங்க வேலை. வலிக்காதுன்னு சொல்லாதீங்க. ஊசி இல்லன்னு சொல்லாதீங்க. பயமுறுத்தாதீங்க. என்ன நடக்குமோ அதை நடக்குற வரிசையில சொல்லுங்க. அந்தப் பல் முளைக்காதுங்கறதையும் நீங்களே சொல்லிடுங்க"ன்னாங்க. அப்புறம், "புள்ளைக்கு வலியைவிட உங்க பேச்சுதான் பயமா இருக்கு சார்"னாங்க.

சஷ்டியை அவங்ககிட்ட விட்டுட்டு மருந்து வாங்கக் கீழ போனேன். மருந்துக்கடைக்காரரு பேர் கேட்டாரு, புள்ளை பேரு எனக்கு வாயில வரல.

ஜூலை 26

வனிதா, மேல எழுதி வச்சிருக்கறதுல பாதி பொய். அடிச்சுட்டு வேற எழுதலாம்னு பாத்தேன். இருக்கட்டும், அப்படியே பாரு.

பல் வெளக்கியாச்சுன்னு எழுதுன ஒரு நாள்கூட நான் பக்கத்துல நின்னு பாக்கல. வீட்டு முன்னால கடையில இருந்துக்கிட்டே "வெளக்கிட்டியா"ன்னு குரல் குடுப்பேன். உம்னு சொல்லுவா. இன்னைக்கு அவ பிரஷ்ஷைத் தொட்டுப் பாத்தேன். காஞ்சு வெறைச்சுக் கெடக்கு. சீனிப் பாலைக் குடிச்சுட்டு அப்படியே தூங்கியிருக்கா. இருபத்தி ரெண்டாம் தேதி சிக்னல் நல்லாத்தேன் இருந்துச்சு. வீங்குன பக்கம் உனக்குத் தெரியாம நாந்தேன் போனைத் திருப்பிப் புடிச்சேன். பொம்மைக் கடையும் தொறந்துதேன் இருந்துச்சு. எனக்கு நேரமாச்சு.

உனக்கு பிரஷர்னுதேன் சொல்லலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுவும் முழு நெசமில்ல. உன்கிட்டத் திட்டு வாங்கப் பயம்.

மருந்து நேரத்துக்குக் குடுத்துட்டேன். இதை நெசமாவே குடுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

கடையில இருக்கற சாய்வு நாற்காலியை வீட்டுக்குள்ள கொண்டாந்து போட்டேன். டார்ச் லைட், ஸ்பூன் எல்லாம் எடுத்து வச்சு, "வா தாயி, டாக்டர் விளையாட்டு விளையாடுவோம்"னு கூப்பிட்டேன்.

"அன்னைக்கும் நீ பொம்மை வாங்கப் போறோம்னுதேன் சொன்ன"ன்னு சொல்லிட்டு சுவரோரமா உக்காந்துட்டா.

எனக்குக் கோவமே வரல, ஆச்சரியம். நானே அந்த நாற்காலியில படுத்தேன். "சரி, நீ டாக்டரு. என் வாயப் பாரு"ன்னு ஆன்னு திறந்தேன். ரொம்ப நேரம் வரல. அப்புறம் மெதுவா வந்து டார்ச்சை அடிச்சா.

"அப்பா, இங்க மூணு பல்லு இல்ல. ஒண்ணு ஓட்டையா இருக்கு."

"ஆமா."

"நீ ஏன் டாக்டர்கிட்டப் போகல?"

"பயம்."

டார்ச்சை இறக்கிட்டு என்னையவே பாத்தா. "உனக்குமா?"

"உன்னைவிட ஜாஸ்தி. அதான் உன்னையும் கூட்டிட்டுப் போகல"ன்னேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டகூட.

கொஞ்ச நேரம் கழிச்சு, "எந்திரி"ன்னா. அவ படுத்துக்கிட்டா. வாயத் திறக்கல. ஆனா படுத்தா.

ஜூலை 28

வீக்கம் பாதி குறைஞ்சிருக்கு. அஞ்சு எண்ணுற வரைக்கும் வாயத் திறந்தா. பக்கத்துல நின்னு நானே மெதுவா பல் வெளக்கி விட்டேன். சீனி இல்லாத பால், அதுவும் வெளக்கறதுக்கு முன்னாடி.

ஜூலை 29

"அப்பா, ஊசி போடுவாங்களா?"

வாய் தானா இல்லன்னு சொல்லப் போச்சு. நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

"போடுவாங்க. ஈறுல. மொதல்ல ஒரு மருந்தைத் தடவுவாங்க. அப்புறம் சுருக்குன்னு குத்தும். வலிக்கும். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கமே மரத்துப் போயிரும். அப்புறம் பல்லை ஆட்டுறது தெரியும், வலி தெரியாது."

அழ ஆரம்பிச்சா பாரு, அரை மணி நேரம். போச்சு, எல்லாத்தையும் கெடுத்துட்டேன், மதுரைக்குத்தேன் போகணும்னு நெனச்சேன். கெஞ்சிக் கொஞ்சி நான் சமாதானமும் பண்ணல. என்ன சொன்னாலும் பொய்யாயிருமோன்னு பக்கத்துல உக்காந்தே இருந்தேன்.

அழுது முடிச்சு மூக்கைச் சட்டையில தொடச்சுக்கிட்டு, "எத்தனை எண்ணுறதுக்குள்ள வலி போகும்?"னு கேட்டா.

எனக்குத் தெரியாது, டாக்டர்கிட்டக் கேப்போம்னு போன் போட்டேன். ஊசி குத்தறது பத்து எண்ணுறதுக்குள்ளயாம். ஸ்பீக்கர்ல அவளே கேட்டுக்கிட்டா.

ஜூலை 30

பல்லு முளைக்காதுங்கறதை இன்னும் சொல்லல. காலைல சொல்லணும்னு இருந்தேன், ஸ்கூலுக்கு நேரமாச்சு. சாயங்காலம் சொல்லப் போனேன், சிரிச்சுக்கிட்டு டார்ச்சோட வந்தா. இருபது எண்ணுற வரைக்கும் திறந்து காட்டுனா. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது? ஊசியைச் சொல்ற மாதிரி இல்ல இது. ஊசி அந்த டாக்டர் போடுறது. இது நான் பண்ணுனது.

நாளைக்குச் சொல்லிக்கலாம்.

ஜூலை 31, வியாழன்

பஸ்லயும் சொல்லல.

பத்தரை மணிக்கு உள்ள கூப்பிட்டாங்க. அவளே ஏறிப் படுத்தா. என் கையைப் புடிச்சுக்கிட்டா, அம்புட்டுத்தேன். டாக்டர், "வலிச்சா இடது கையைத் தூக்கு. நான் நிறுத்திடுவேன்"ன்னாங்க. நான் மனசுக்குள்ள, எல்லாரும் சொல்றதுதேன்னு நெனச்சேன்.

மருந்தைத் தடவுனாங்க. ஊசியை மறைக்கல, காட்டிட்டுத்தேன் போட்டாங்க. சஷ்டி கண்ணை இறுக்கிக்கிட்டு விரலால எண்ணுனா. எட்டுல ஊசி வெளிய வந்துருச்சு. பல்லைப் புடிச்சு ஆட்டும்போது பட்டுன்னு கையைத் தூக்குனா. டாக்டர் நெசமாவே நிறுத்திட்டாங்க வனிதா. இடுக்கியைக் கீழ வச்சுட்டு, "சொல்லு"ன்னாங்க. வலிக்கல, எச்சி முழுங்கணும்னா. முழுங்க விட்டுட்டு, கேட்டுட்டு, மறுபடி ஆரம்பிச்சாங்க. சொன்னதைச் சொன்னபடி செய்யறதை ஏதோ அதிசயம் மாதிரி நான் பாத்துக்கிட்டு நின்னேன். அந்தக் குழாய் வச்ச அம்மா வீட்ல இவ கத்துனப்ப நான் என்ன பண்ணுனேன்? கையக் காலைப் புடிச்சுக்கிட்டேன்.

பல்லு வந்துருச்சு. பாதிதேன் பல்லு, மீதி கறுப்பு. எனக்குத் தலை சுத்தி, நர்ஸம்மா என்னைய உக்கார வச்சுத் தண்ணி குடுத்தாங்க. சஷ்டி பஞ்சைக் கடிச்சுக்கிட்டு என்னைய வேடிக்கை பாத்தா. பல்லைக் கழுவி ஒரு சின்ன கவர்ல போட்டு அவ கையில குடுத்தாங்க.

பஞ்சை மதியமே எடுத்தாச்சு. ரத்தம் நின்னுருச்சு. சாயங்காலம் வீட்ல ஆறவச்ச கஞ்சி குடிச்சா, ரெண்டு டம்ளர். மூணு வாரத்துல அவ முழுசாக் குடிச்சு நான் கண்ணால பாத்த மொதல் சாப்பாடு.

குடிச்சுட்டு கவரோட வந்து நின்னா. "அப்பா, இதை ஓட்டு மேல தூக்கிப் போடு. போட்டாத்தேன் புதுப் பல்லு முளைக்கும்னு கிளாஸ்ல எல்லாரும் சொல்றாக."

கையை நீட்டி வாங்கிட்டேன். எம்புட்டு சுலபம் தெரியுமா வனிதா? தூக்கிப் போட்டுட்டு, முளைக்கும் தாயின்னு சொன்னா இன்னைக்குப் பொழுது முடிஞ்சுரும். இவ்வளவு வலியைத் தாங்குன புள்ளை, இன்னைக்கு ஒரு நாளாச்சும் சந்தோசமாத் தூங்கட்டுமேன்னு தோணுச்சு. வாசல் வரைக்கும் போயிட்டேன்.

திரும்பி வந்து அவ முன்னால தரையில உக்காந்தேன்.

"இது முளைக்காது தாயி. இது பால் பல்லு இல்ல. எப்பவும் இருக்க வேண்டிய பல்லு. அப்பா அது கறுத்ததைப் பாத்தேன். பாத்தும் கூட்டிட்டுப் போகல. அதான் போயிருச்சு. அந்த எடத்துல இனிமே பல்லு வராது."

அழுவா, அடிப்பா, அம்மாகிட்டச் சொல்லுவேன்னு சொல்லுவா, எதுக்கும் தயாரா இருந்தேன்.

அவ அழல. என் கையில இருந்த கவரை வாங்கிக்கிட்டா. பல்லு எடுத்த எடத்துல வலி இன்னும் இருக்கு, அதனால மெதுவாச் சொன்னா.

"தெரியும்பா. நீ மருந்து வாங்கக் கீழ போனப்ப நாந்தேன் கேட்டேன், டாக்டரக்கா சொல்லிட்டாங்க. நீ சொல்றியான்னு பாத்தேன்."

ஆறு நாளு வனிதா. ஆறு நாளா ஒரு வார்த்தை கேக்காம என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்திருக்கா.